புதைகுழியில் ஒளித்த ஒளிநாடா: கிழக்குத் திமோர் நாட்குறிப்பு

நவம்பர் 9, திலி

மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். வானத்துக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. விமானத்திலிருந்து இறங்கி, 30 டாலர் கட்டி விசா முத்திரை வாங்கி வெளியே வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இங்கே புழங்கும் நோட்டு அமெரிக்க டாலர். சில்லறை மட்டும் சொந்தக் காசு, சென்டாவோ. நகருக்குள் ஓடும் மைக்ரோலெட் என்ற சிறு வண்டியில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 25 சென்டாவோதான். இறங்க வேண்டுமென்றால் அந்தக் காசாலேயே தலைக்கு மேலுள்ள கம்பியைத் தட்ட வேண்டும். நான் தட்டியது ஓட்டுநர் காதில் விழவில்லை. ஒலிபெருக்கிக்கு மட்டும் தனியாக ஒரு எஞ்சின் வைத்திருப்பார்கள் போல. எதிரில் உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமி எனக்காக ஓங்கி மூன்று முறை தட்டினாள். வண்டி நின்றது. நான் கைகூப்பியதைப் பார்த்து மொத்த வண்டியும் சிரித்தது.

எதற்கு இந்த ஊர் என்று விசா கொடுத்தவரும் கேட்டார், விடுதிக்காரரும் கேட்டார். சுற்றுலா என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் பார்க்க வந்தவை தொலைக்காட்சிச் செய்திப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்கள். 13 லட்சம் பேர் வாழும் நாடு. போர்த்துக்கீசியர் போனதும் 1975 நவம்பர் 28 அன்று விடுதலை அறிவித்தது. ஒன்பதே நாளில் இந்தோனேசியப் படை இறங்கியது. அடுத்த 24 ஆண்டுகளில் கேமரா இருந்த இடங்களையும் இல்லாமல் போன இடங்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

மாலையில் கடற்கரையோரம் குச்சியில் குத்தி மீன் சுட்டார்கள். கூடவே தென்னோலைப் பொட்டலத்தில் வெந்த சோறு, கட்டுப்பா. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்து ஒரு தொட்டுக்கை வைத்தார்கள். காரம் காது வரை ஏறியது. எல்லாம் சேர்த்து மூன்று டாலர்கூட ஆகவில்லை. கடையின் சிறு தொலைக்காட்சியில் இந்தோனேசிய அலைவரிசை ஒன்றில் பாட்டுப் போட்டி. கடைக்கார அம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வயதைக் கணக்கிட்டால், படை இறங்கியபோது கைக்குழந்தையாக இருந்திருப்பார். எனக்கு வியப்பாக இருந்ததை என் முகத்தில் இருந்தே பிடித்துவிட்டார். "நல்லாப் பாடுகிறார்களே" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல?

நவம்பர் 10, திலி

எதிர்ப்புப் போராட்ட அருங்காட்சியகம் பல்கலைக்கழகத்துக்கு அருகில். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். குளிரூட்டிக்காகவே பத்து டாலர் கொடுக்கலாம். காட்டில் இருந்த ஃபாலின்டில் என்ற விடுதலைப் படைப் போராளிகளின் துப்பாக்கிகள், வானொலிக் கருவிகள், ரகசியக் கடிதங்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள். கூட்டம் நிற்பது என்னவோ ஒரு திரைக்கு முன்னால்தான். 1991 நவம்பர் 12, சாந்தா குரூஸ் இடுகாடு: ஊர்வலமாக வந்தவர்களை இந்தோனேசியப் படை சுட்டுக்கொன்ற நாள், இடம். இளைஞர்கள் குறுகிய வாசலுக்குள் முண்டியடித்து ஓடிவருகிறார்கள். சைரன் ஓலமிடுகிறது. கல்லறைகளுக்கு நடுவே மக்கள் பதுங்குகிறார்கள். இடுகாட்டுச் சிற்றாலயத்தில் வயிற்றில் குண்டடிபட்ட இளைஞனை இன்னொருவன் மடியில் தாங்கியிருக்கிறான்.

முன்பே கணினியில் பல முறை பார்த்த படம்தான். ஆனால் இங்கே ஒலியை நன்றாக உயர்த்தி வைத்திருந்தார்கள், அதனால் வேறொன்று பிடிபட்டது. துப்பாக்கிச் சத்தத்தைவிட அதிகம் கேட்பது ஜெபம். அதுவும் போர்த்துக்கீசிய மொழியில். லிஸ்பனில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தவர்களைக் குலுக்கியது அந்த ஒலிதான். பதினாறு ஆண்டுகளாக யாரோ எங்கோ என்று இருந்த மக்கள், தங்கள் பாட்டி சொல்லும் அதே வார்த்தைகளில் மன்றாடுகிறார்கள். வெறும் புகைப்படங்களாக மட்டும் வெளிவந்திருந்தால் போர்த்துக்கல் அப்படிக் கொந்தளித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பிற்பகல் பாலிதே பழைய சிறைச்சாலை. இப்போது அது நினைவு மையம். அந்தக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் இங்கேதான் இயங்கியது. 1974 முதல் 1999 வரை போரோடு தொடர்புடைய சாவுகள் குறைந்தது 1,02,800 என்று அந்த ஆணையம் கணக்கிட்டது; பெரும்பகுதி பசியாலும் நோயாலும். கைதிகள் சுவரில் கீறிய எழுத்துகளை அழிக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். இருட்டுக் கொட்டடிக்குள் நின்று கதவைச் சாத்திப் பார்க்கலாமா என்று காவலர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருடைய சாவு படத்தில் பதிவானது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தபோது இளநீர் விற்பவர் ஒரு டாலர் என்றார். பேரம் பேசும் மனநிலை இல்லை.

நவம்பர் 11, திலி

மழை வந்தேவிட்டது. இரண்டு மணி நேரத்தில் தெரு வாய்க்காலானது, மின்சாரம் போனது, விடுதியின் தண்ணீர்க் குழாயும் அதோடு கூட்டணி சேர்ந்துகொண்டது. விடுதி நடத்தும் அக்காள் படார் தாஆன் கொண்டுவந்து கொடுத்தார். மக்காச்சோளம், பூசணி, பச்சைப்பயறு சேர்த்து வேகவைத்த உணவு. நன்றாக இருந்தது என்று நான் சொன்னதை மறுபடியும் கொடு என்று எடுத்துக்கொண்டார். மாலையில் அசைய முடியவில்லை.

நவம்பர் 12, திலி

இன்று நாட்டுக்கே விடுமுறை, இளைஞர் நாள். காலையிலேயே மொட்டாயேல் தேவாலயத்துக்குப் போய்விட்டேன். கடலைப் பார்த்த வெள்ளைக் கட்டடம். எதிரே ஒரு சிலை: அடிபட்டவனைத் தாங்கிப் பிடித்திருக்கும் இளைஞன். அந்த ஒளிநாடாவிலிருந்து எழுந்த உருவம் அது.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1991-ல் போர்த்துக்கல் நாடாளுமன்றக் குழு ஒன்று இங்கே வரவிருந்தது. அதற்காக இளைஞர்கள் மாதக்கணக்கில் ஆயத்தமானார்கள். குழுவோடு ஜில் ஜோலிஃப் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வரக்கூடாது என்று இந்தோனேசியா முரண்டுபிடித்ததில் பயணமே நின்றுபோனது. வெளியே தலைகாட்டிவிட்ட இளைஞர்களை உளவுப்படை வேட்டையாடத் தொடங்கியது. சிலர் இந்தத் தேவாலயத்தில் ஒளிந்திருந்தார்கள். அக்டோபர் 28 அன்று இங்கே செபாஸ்தியாவ் கோமஸ் கொல்லப்பட்டார். நவம்பர் 12 காலைத் திருப்பலி அவருக்காக. முடிந்ததும் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த பதாகைகளை விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் அவர் புதைக்கப்பட்ட இடுகாட்டை நோக்கி நடந்தார்கள். நாடாளுமன்றக் குழுவின் வருகையை எழுத வந்திருந்த சில வெளிநாட்டினர் ஊரில் மிச்சமிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாக்ஸ் ஸ்டால் என்ற பெயரில் படம் எடுத்த பிரிட்டிஷ்காரர். வராத விருந்தாளிகளுக்காக வந்த கேமரா அது.

இன்றைய ஊர்வலமும் அதே வழிதான். கறுப்புச் சட்டை, பூ, மெழுகுவத்தி. அரசு மாளிகையைக் கடக்கும்போது போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒருவர் கூட்டத்தில் இருந்த தன் மகளுக்குக் கையசைத்தார். எனக்கு ஒரு பெண் மெழுகுவத்தி நீட்டினாள். காசு எடுத்ததும் முகம் சுருங்கியது, உடனே பையில் போட்டுவிட்டேன். பக்கத்தில் நடந்த பெரியவர் குடையில் பாதியை என் தலைக்கு மேல் சாய்த்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருடைய வலது தோள் முழுக்க நனைந்திருந்தது.

சாந்தா குரூஸ் வாசல் நான் நினைத்திருந்ததைவிடக் குறுகல். படத்தில் மக்கள் ஏன் அப்படி நசுங்கினார்கள் என்பது வாசலைப் பார்த்ததும் விளங்கியது. உள்ளே கல்லறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, கால் வைக்கவும் இடமில்லை. பத்து நாளுக்கு முன்தான் இறந்தோர் திருநாள் முடிந்திருந்தது. வாடிய பூக்களும் உருகிக் காய்ந்த மெழுகும் எங்கும். அந்த மெழுகில் மழைத் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் முழங்கை அறிந்துகொண்டது. வழுக்கி விழுந்தவனை ஒரு அம்மாள் தூக்கி உட்காரவைத்து, புட்டித் தண்ணீரால் காயத்தைக் கழுவி, தேத்தும் மொழியில் நன்றாகத் திட்டினார். தொனி போதும், பொருள் விளங்கிவிட்டது.

ஸ்டால் படம் எடுத்த நாடாக்களை இங்கேயே ஒரு புதிய புதைகுழியில் மண்ணுக்குள் செருகினார். படையினர் அவரைப் பிடித்துப் பல மணி நேரம் விசாரித்து விட்டபோது அவர்கள் கையில் முக்கிய நாடா சிக்கவில்லை. இருட்டிய பிறகு திரும்பி வந்து தோண்டி எடுத்தார். நாட்டைவிட்டு அதை வெளியேற்றியது சஸ்கியா கவென்பெர்க் என்ற நெதர்லாந்துப் பத்திரிகையாளர், உள்ளாடைக்குள் மறைத்து. படத்தை எடுத்தவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சுமந்து போனவரின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம். 1992 ஜனவரியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அந்தப் படம் முழு ஆவணப்படமாக ஓடியது. முதலில் 19 பேர் இறந்தார்கள் என்று சொன்ன இந்தோனேசிய அரசு, விசாரணைக்குப் பின் ஏறத்தாழ 50 என்றது. இருநூறுக்கும் மேல் என்பது திமோர் மக்களின் கணக்கு. பலருடைய உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை. இன்று இடுகாட்டில் நின்ற தாய்மார்களில் சிலர் கையில் சட்டமிட்ட படம் மட்டும் வைத்திருந்தார்கள், அவர்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றம் அதே 1992-ல் இந்தோனேசியப் படையினருக்கான பயிற்சி நிதியை நிறுத்தியது. படத்தால் விடுதலை கிடைத்தது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது எரிச்சல் தரும் வாக்கியம். கிடைத்தது 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில். மிரட்டலுக்கு நடுவே வரிசையில் நின்ற மக்களில் 78.5 விழுக்காட்டினர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். படம் செய்தது என்னவென்றால், அதற்குப் பிறகு எந்த அரசும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாமல் போனது.

மாலையில் காப்பி குடித்தபோது ஒளிநாடாக் காப்பகத்தில் முன்பு பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரோடு பேசினேன். விடுதலைக்குப் பிறகு ஸ்டால் இங்கேயே தங்கி, ஆயிரக்கணக்கான மணி நேரப் படங்களைச் சேர்த்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொகுப்பு 2013-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. 2021 அக்டோபர் 28 அன்று பிரிஸ்பேனில் இறந்தார். செபாஸ்தியாவ் கோமஸ் இறந்த அதே தேதி, முப்பது ஆண்டு கழித்து. இளைஞருக்கு அந்தத் தற்செயலில் ஆர்வமில்லை. அவர் கவலையெல்லாம் இந்த ஊரின் ஈரக்காற்று. காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும், பசை இளகும், நாடாவை ஓட்டும் கருவி பழுதானால் உதிரிபாகம் கிடைக்காது. "எதிரியிடமிருந்து காப்பாற்றிவிட்டோம், வானிலையிடமிருந்துதான் கஷ்டம்" என்றார். காப்பி ஒன்றரை டாலர். மலைத்தோட்டத்துக் காப்பி, சர்க்கரை தேவையில்லை என்று நினைக்கவைக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

நவம்பர் 13, சாலையில்

இந்தோனேசிய எல்லையோர ஊரான பாலிபோவுக்குப் பஸ். நிரம்பினால்தான் கிளம்பும் என்பது தெரியும். நிரப்புவதற்காக அது திலி நகரையே சுற்றிச் சுற்றி வரும் என்பது யாரும் சொல்லாத செய்தி. ஒன்றரை மணி நேரம் கழித்து நான் ஏறிய அதே மூலைக்கு வண்டி திரும்பியபோது ஒரு பன்றிக்குட்டியும் நான்கு சாக்கு அரிசியும் ஒரு மெத்தையும் கூடுதலாக இருந்தன. மெத்தைக்காரர் பெருந்தன்மையோடு அதில் என்னைச் சாய்ந்துகொள்ளச் சொன்னார்.

கடலோரச் சாலை அழகு. லிகிசாவில் வண்டி நின்றபோது தேவாலயத்தைச் சாலையிலிருந்தே காட்டினார்கள். 1999 ஏப்ரல் 6 அன்று அங்கே அடைக்கலம் புகுந்தவர்களை இந்தோனேசிய ஆதரவுத் துணைப்படையினர் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். டஜன் கணக்கில் சாவு. சாந்தா குரூஸ் தெரிந்த உலகத்துக்கு லிகிசா தெரியாது. மவுபாரா கோட்டையைத் தாண்டியதும் டயர் வெடித்தது. பயணிகள் யாரும் முகம் சுளிக்கவில்லை. இறங்கினார்கள், புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள், ஒருவர் வாழைப்பழச் சீப்பை எடுத்து எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார். பன்றிக்குட்டிக்கும் ஒன்று. பட்டுகாதேயில் கடலை விட்டு மலையேறும்போது இருட்டிவிட்டது.

நவம்பர் 14, பாலிபோ

காலையில் போர்த்துக்கீசியக் கோட்டை மேட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, அதற்கு இப்பக்கம் இந்தோனேசிய எல்லை. ஐந்து தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் 1975 அக்டோபரில் இங்கே வந்ததற்குக் காரணம் இந்தப் பார்வைதான். போர் தொடங்கினால் இங்கிருந்து படம் பிடிக்கலாம். மெல்போர்ன் சேனல் 7-லிருந்து கிரெக் ஷேக்கிள்டன், கேரி கன்னிங்ஹாம், டோனி ஸ்டுவர்ட். சிட்னி சேனல் 9-லிருந்து மால்கம் ரென்னி, பிரையன் பீட்டர்ஸ். போட்டி நிறுவனங்கள், ஒரே வீடு. ஸ்டுவர்ட்டுக்கு வயது 21.

அந்த வீட்டைக் கொடி வீடு என்கிறார்கள். நாங்கள் நடுநிலையாளர்கள் என்று காட்ட ஷேக்கிள்டன் சுவரில் ஆஸ்திரேலியக் கொடியை வரைந்தார். மங்கிப்போன அந்தக் கோடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சிறுபிள்ளை வரைந்ததுபோல் கோணல். எல்லை தாண்டி வந்த படைக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அக்டோபர் 16 அன்று ஐவரும் கொல்லப்பட்டார்கள். இருதரப்புச் சண்டையில் சிக்கினார்கள் என்பதே நெடுங்காலம் அரசுகள் சொன்ன கதை. 2007-ல் நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை நீதிமன்றம், தாக்குதலின் செய்தி வெளியே போகாமல் இருக்க வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னது.

ஷேக்கிள்டன் சாவதற்குச் சில நாள் முன் பதிவு செய்த ஒரு அறிக்கை மட்டும் தப்பி வெளியே போனது. ஒரு கிராமத்தில் இரவு மக்கள் தன்னிடம் ஏன் ஆஸ்திரேலியா எங்களுக்கு உதவவில்லை என்று கேட்டதைக் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். நடுங்கும் குரல், செய்தி வாசிக்கும் குரல் அல்ல. அக்டோபர் 16 அன்று அவர்கள் என்ன படம் பிடித்தார்களோ அது யாருக்கும் கிடைக்கவில்லை. டிசம்பர் 7 அன்று திலியில் படை இறங்கியபோது எஞ்சியிருந்த வெளிநாட்டுச் செய்தியாளர் ரோஜர் ஈஸ்ட் ஒருவர்தான். அவரை மறுநாள் துறைமுகத்தில் சுட்டார்கள். ஐவரைக் கொன்றதற்கு அன்றைக்கு யாரும் விலை கேட்கவில்லை என்பதே ஆறாவது கொலைக்குத் துணிவு தந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 1989 வரை இந்த நாடு வெளியாருக்குப் பூட்டிக் கிடந்தது.

வீட்டின் முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். என் கைபேசியைப் பார்த்ததும் வரிசையாக நின்று போஸ் கொடுத்தார்கள், எடுத்த பிறகு ஒவ்வொருவரும் சரிபார்த்து, இரண்டு பேர் மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 16, திலி விமான நிலையம்

நேற்று முழுக்கத் திரும்பும் பஸ்ஸில் போனது. எழுத ஒன்றுமில்லை, டயர்கூட வெடிக்கவில்லை. இன்று விமானம் மூன்று மணி நேரம் தாமதம். உணவுக்கடையில் மிச்சம் இருந்தது வறண்ட பன்னும் நூடுல்ஸும். பன்னுக்கு இரண்டு டாலர் வாங்கிக்கொண்டு சூடாக்கியும் தர மறுத்தார்கள். இந்தப் பயணத்தில் நான் சந்தித்த ஒரே முரட்டு உபசாரம் இதுதான்.

பக்கத்து இருக்கையில் விகெகே மாவட்டத்து ஆசிரியை ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் எங்கெங்கே போனேன் என்று கேட்டு, சாந்தா குரூஸ், பாலிபோ என்றதும் தலையசைத்தார். "எல்லாரும் அங்கேதான் போகிறார்கள், மவுன். கிராராஸுக்கு யாரும் வருவதில்லை" என்றார். மவுன் என்றால் அண்ணன். 1983 மார்ச்சில் போராளிகளின் தலைவர் சனானா குஸ்மாவோவோடு இந்தோனேசியப் படை போர்நிறுத்தம் செய்தது. ஆகஸ்டில் கிராராஸில் சில இந்தோனேசிய வீரர்கள் கொல்லப்பட்டதோடு அது முறிந்தது. செப்டம்பரில் படை பழிதீர்த்தது, இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்று. ஆண்கள் இல்லாமல் போனதால் கைம்பெண்களின் ஊர் என்று பெயராயிற்று. அங்கே கேமரா எதுவும் இல்லை. வகுப்பில் சாந்தா குரூஸ் படத்தைப் போட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், சொந்த மாவட்டத்து ஊரைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள் என்றார். அவர்கள் வீட்டுப் பெரியவர்களிலேயே அங்கிருந்து தப்பியவர்கள் இருக்கிறார்களாம். அந்தப் பெரியவர்களைப் பிள்ளைகளின் கைபேசியிலேயே பேசவைத்துப் பதிவு செய்யச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். பாதிப் பேர்தான் செய்து வந்தார்களாம்.

அடுத்த முறை ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வாருங்கள் என்றார். தெற்குப் பக்கம் மழை நீண்டு பெய்யும், சாலை அப்போதுதான் காய்ந்திருக்கும். திலியிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் விகெகே போய்விடலாம். அங்கிருந்து பைக்கில் ஏற்றிப் போகத் தன் தம்பி இருக்கிறான் என்று சொல்லி, என் நாட்குறிப்பை வாங்கி வழியைத் தானே எழுதிக் கொடுத்தார்.